எழுத்துக்கு டோக்கன்: சன்மானம் யாருடைய பணம்?

2016 ஜூலை 4 அன்று ஸ்டீமிட் என்ற தளம் தன்னிடம் எழுதியவர்களுக்கு முதன்முறையாகச் சன்மானம் வழங்கியது. கட்டுரை, புகைப்படம், பயணக் குறிப்பு, சமையல் குறிப்பு என எதைப் பதிவிட்டாலும் அதன் கீழே ஒரு டாலர் தொகை தெரிந்தது. சில பதிவுகளின் கீழ் அந்தத் தொகை பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. வாசகர் சந்தா கட்டவில்லை. தளத்தில் விளம்பரம் இல்லை. பிடித்த பதிவுக்கு ஒருவர் வாக்களித்தால் போதும், எழுதியவர் கணக்கில் பணம் ஏறியது. சன்மானமாக வந்தது ஸ்டீம் என்ற டோக்கன். அந்த மாத நடுவில் அதன் விலை நான்கு டாலரைத் தாண்டியது. எல்லா டோக்கன்களின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 40 கோடி டாலர் என்று சந்தை கணக்கிட்டது.

எட்டு மாதம் கழித்து அதே டோக்கன் 10 சென்ட்டுக்கும் கீழே கிடந்தது. எழுதியவர்கள் அப்போதும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுத்தின் தரம் எட்டு மாதத்தில் நாற்பதில் ஒரு பங்காகச் சரிந்துவிடவில்லை. ஆகவே அந்தச் சன்மானத்தின் மதிப்பு எழுத்திலிருந்து வரவில்லை என்பது தெளிவு. பிறகு எங்கிருந்து வந்தது? இணையத்தில் எழுதுபவருக்கும் படம் எடுப்பவருக்கும் டோக்கன் தருவதாகச் சொல்லும் திட்டங்கள் ஒவ்வோர் ஆண்டும் புதுப் பெயரில் வருகின்றன. இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் அவற்றில் உழைப்பைக் கொட்டுவது ஆபத்து. ஸ்டீமின் கணக்குகள் முழுக்கப் பொதுவெளியில் இருப்பதால், விடையை அங்கே தேடுவது எளிது.

ஸ்டீமை உருவாக்கியவர்கள் இருவர். நிதித்துறைப் பகுப்பாய்வாளராக இருந்த நெட் ஸ்காட். பிட்ஷேர்ஸ் என்ற கிரிப்டோ வலையமைப்பை முன்பே கட்டியிருந்த டான் லாரிமர். 2016 மார்ச்சில் அவர்கள் வெளியிட்ட வெள்ளை அறிக்கையின் வாதம் இன்றும் வலுவானது. ஃபேஸ்புக், ரெட்டிட் போன்ற தளங்களை நிரப்புவது கோடிக்கணக்கானவர்களின் எழுத்தும் கவனமும்தான். அதனால் விளையும் செல்வமோ பங்குதாரர்களுக்குப் போகிறது. பணம் போட்டவருக்கு நிறுவனத்தில் உரிமை உண்டென்றால், உழைப்பைப் போட்டவருக்கும் உண்டு. இந்த நியாயத்தை நான் முழுமனதாக ஏற்கிறேன். தமிழில் எழுதுகிற எவரும் ஏற்பார். சிக்கல் நியாயத்தில் இல்லை, அதைச் செயல்படுத்திய கணக்கில் இருந்தது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஸ்டீமிட் தளம் இயங்கிய ஸ்டீம் பிளாக்செயினில் மூன்று விநாடிக்கு ஒரு தொகுதி உருவாகும். ஒவ்வொரு தொகுதியோடும் கொஞ்சம் புது டோக்கன் பிறக்கும். தொடக்கத்தில் மொத்த டோக்கன்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகும்படி விதி இருந்தது. அது தாங்காது என்று தெரிந்ததும் 2016 டிசம்பரில் விதியை மாற்றினார்கள்: ஆண்டுக்கு 9.5 விழுக்காடு புது வெளியீடு, அதுவும் ஆண்டுக்கு அரை விழுக்காடு வீதம் குறைந்துகொண்டே போகும். புதிதாகப் பிறப்பதில் 75 விழுக்காடு எழுத்துக்கும் அதைத் தேர்ந்து வாக்களித்தவர்களுக்கும். 15 விழுக்காடு டோக்கனைப் பூட்டிவைத்திருப்பவர்களுக்கு. 10 விழுக்காடு வலையமைப்பின் கணினிகளை நடத்தும் ‘சாட்சிகள்’ என்பவர்களுக்கு.

எண் எளிதாக இருக்கட்டும் என்பதற்காக மொத்தம் 10 கோடி டோக்கன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓராண்டில் 95 லட்சம் டோக்கன் புதிதாகப் பிறக்கும். அதில் 71 லட்சத்து 25 ஆயிரம் எழுத்துச் சன்மானத்துக்கு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 19,500. அன்று தளத்தில் பத்துப் பேர் எழுதினாலும் பத்தாயிரம் பேர் எழுதினாலும், மகத்தான ஒரு கதை வந்தாலும் வெறும் குப்பை வந்தாலும், அதே 19,500தான். வாக்குகளின் வேலை இந்தத் தொகையைப் பங்கிடுவது மட்டுமே. யாருக்கு எவ்வளவு என்பதை அவை முடிவு செய்யும். மொத்தம் எவ்வளவு என்பதில் அவற்றுக்குப் பங்கில்லை. ஒருவர் வாக்களித்து உங்களுக்குக் கூடுதலாகச் சேர்ந்தால், அது இன்னொருவர் பங்கிலிருந்து குறைந்தது.

அந்த 19,500 டோக்கனுக்கு டாலரில் என்ன மதிப்பு? விலை ஒரு டாலர் என்றால் 19,500 டாலர். பத்து சென்ட் என்றால் 1,950 டாலர். பதிவின் கீழே தெரிந்த தொகை, சாட்சிகள் அறிவித்த சந்தை விலையின் இடைநிலையை வைத்து மென்பொருள் போட்ட பெருக்கல் கணக்கு. யாரும் அந்த டாலரை எங்கும் எடுத்துவைக்கவில்லை. எழுதியவர் தன் டோக்கனைக் கிரிப்டோ சந்தைக்குக் கொண்டுபோய் விற்கும்போது, எதிர்ப்பக்கத்தில் டாலரோ பிட்காயினோ வைத்துக்கொண்டு ஒருவர் வாங்க நிற்க வேண்டும். அவர் கொடுப்பதுதான் சன்மானம். நாள்தோறும் 19,500 டோக்கனை வாங்க ஆள் இருந்தால் விலை நிற்கும். இல்லையென்றால் விலை இறங்கி, குறைந்த விலையில் வாங்குபவரைத் தேடிப் போகும்.

இதை ஒரு நிறுவனம் புதுப் பங்குகளை அச்சிட்டு ஊழியர்களுக்குச் சம்பளமாகத் தருவதோடு ஒப்பிடலாம். பங்கு வெளியீட்டால் நிறுவனத்துக்குள் ஒரு ரூபாயும் புதிதாக வருவதில்லை. ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களின் உரிமை கொஞ்சம் மெலிகிறது, அவ்வளவுதான். அந்த மெலிவைப் பழைய பங்குதாரர்கள் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள்? ஊழியர்களின் உழைப்பால் நிறுவனத்துக்கு வருமானம் பெருகும், மெலிந்த பங்கின் மதிப்பும் அதனால் கூடும் என்ற எதிர்பார்ப்பில். ஸ்டீமில் மெலிவு இருந்தது. உழைப்பும் இருந்தது. வருமானம் என்ற கண்ணி மட்டும் இல்லை. தளத்தைப் படிக்க வந்தவர் எத்தனை பேராக இருந்தாலும், அவர்கள் வருகையால் டோக்கன் வைத்திருப்பவருக்கு ஒரு சென்ட்டும் சேராது. பரிமாற்றத்துக்குக் கட்டணம் கிடையாது என்பதைப் பெருமையாகச் சொன்னார்கள். பயனருக்கு அது நல்லதுதான். டோக்கனை வாங்கிச் செலவழிக்க வேண்டிய ஒரு காரணமும் அதோடு போயிற்று.

நிறுவனத்தின் கதையும் இதேதான். 2018 நவம்பரில் ஸ்டீமிட் தன் ஊழியர்களில் 70 விழுக்காட்டினரை வேலையிலிருந்து நீக்கியது. நெட் ஸ்காட் சொன்ன காரணங்களில் முக்கியமானது, நிறுவனம் தொடர்ந்து விற்றுவந்த ஸ்டீம் டோக்கன்களுக்குக் கிடைக்கும் டாலர் குறைந்துவிட்டது என்பது. எழுத்தாளரின் சன்மானம் மட்டுமல்ல, பொறியாளரின் சம்பளமும் கணினி வாடகையும்கூடச் சந்தையில் டோக்கன் வாங்க நின்ற முகம் தெரியாதவரின் பையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

அந்த முகம் தெரியாதவர் ஏன் வாங்கினார்?

விலை ஏறும் என்று நம்பி வாங்கியவர்கள் ஒரு பெருங்கூட்டம். 2018 ஜனவரி தொடக்கத்தில், கிரிப்டோ உலகம் முழுவதும் வெறி பிடித்திருந்த நாட்களில், ஸ்டீம் எட்டு டாலரைத் தொட்டது. அந்த வாரம் ஸ்டீமிட்டில் உயர்ந்த இலக்கியம் ஒன்றும் வெளியாகிவிடவில்லை. பிட்காயின் ஏறியது, எல்லாம் ஏறின. சில வாரம் முன்பு, ஒரு டாலருக்குச் சமமாக நிற்க வேண்டிய ‘ஸ்டீம் டாலர்’ என்ற துணை டோக்கனே பத்து டாலருக்கு மேல் விற்றது. ஒரு டாலர் என்று வாக்குறுதி தந்த பொருளைப் பத்து டாலர் கொடுத்து வாங்கும் சந்தையில், எழுத்தாளருக்குக் கிடைத்த தொகை அவர் எழுத்தைப் பற்றி எதையும் சொல்லாது. அது சூதாட்ட மேசையின் சூட்டைச் சொல்லும்.

இரண்டாவது வகை வாங்குபவர்தான் ஆராயத் தக்கவர். ஸ்டீம் டோக்கனைப் பூட்டிவைத்தால் அது ‘ஸ்டீம் பவர்’ ஆகும். வாக்கின் எடை அதைப் பொறுத்தது. நூறு மடங்கு பவர் வைத்திருப்பவரின் வாக்குக்கு நூறு மடங்கு எடை. பூட்டியதை எடுக்க முதலில் 104 வாரம் தேவைப்பட்டது; பிறகு அதை 13 வாரமாகக் குறைத்தார்கள். அதிகாரம் வேண்டுமென்றால் டோக்கன் வாங்கிப் பூட்ட வேண்டும். அதனால் கேட்பு உருவாகும், விலை நிற்கும் என்பது வடிவமைப்பாளர்களின் திட்டம். இது வெற்றுத் திட்டமில்லை. ஒரு சமூகத்தில் எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமைக்கு மதிப்பு உண்டு. பத்திரிகை முதலாளிகள் நட்டத்திலும் பத்திரிகை நடத்துவது அதற்காகத்தானே.

ஆனால் அந்த அதிகாரத்தால் கிடைத்தது என்ன? இன்னும் கொஞ்சம் ஸ்டீம். தொடக்கத்தில் ஒரு பதிவுக்கான சன்மானம் அதற்கு விழுந்த வாக்கு எடையின் இருமடிப்படி கணக்கிடப்பட்டது. பத்து மடங்கு எடை விழுந்த பதிவுக்கு நூறு மடங்கு சன்மானம். சில பெரிய கைகள் ஒரே பதிவில் விழுந்தால் அன்றைய தொகுப்பில் பெரும்பகுதி அங்கே போய்ச் சேரும். ஜூலை 2016இல் தெரிந்த பத்தாயிரம் டாலர் பதிவுகளின் ரகசியம் இதுதான். டோக்கன்களும் சமமாகப் பரவியிருக்கவில்லை; முதல் நாட்களில் உருவானவற்றில் ஏறத்தாழ 80 விழுக்காடு நிறுவனத்தின் கணக்குகளிலேயே சேர்ந்திருந்தது.

இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய 2017 ஜூனில் இருமடி விதியை எடுத்துவிட்டு நேர்விகித விதியைக் கொண்டுவந்தார்கள். சிறிய கணக்கின் வாக்குக்கும் கண்ணுக்குத் தெரிகிற மதிப்பு வந்தது. கூடவே வேறொரு கதவும் திறந்தது. நேர்விகிதம் என்றால், மொத்த வாக்கு எடையில் ஒரு விழுக்காடு வைத்திருப்பவர் நாளெல்லாம் தன் பதிவுகளுக்கே வாக்களித்தால் தொகுப்பில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டை எடுத்துக்கொள்ளலாம். எதையும் படிக்க வேண்டாம், உருப்படியாக எதையும் எழுத வேண்டாம். பவரை இன்னொருவருக்கு இரவல் தரும் வசதியும் அதே ஆண்டு வந்துவிட்டிருந்தது. இரண்டும் சேர்ந்து வாக்கு விற்பனைக் கடைகள் முளைத்தன.

அந்தக் கடை எப்படி வேலை செய்தது என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு கணக்கின் முழு வலு வாக்குகள் நாளைக்குப் பத்து. அதாவது 2 மணி 24 நிமிடத்துக்கு ஒன்று. கடைக்காரர் பல பேரிடம் பவரை இரவல் வாங்கி ஒரு பெரிய கணக்கை வைத்திருப்பார். அதை மென்பொருள் இயக்கும். நீங்கள் உங்கள் பதிவின் முகவரியோடு, உதாரணமாக, 10 ஸ்டீம் டாலர் அனுப்புவீர்கள். அந்தச் சுற்றில் பணம் அனுப்பிய எல்லோருக்கும் அவரவர் தொகைக்கேற்ப வாக்கு பிரித்துப் போடப்படும். உங்கள் பதிவின் கீழே 12, 13 டாலர் ஏறும். நீங்கள் கொடுத்த 10 கடைக்காரர் வழியாகப் பவர் இரவல் கொடுத்தவர்களுக்குப் போகும். உங்கள் எழுத்தைக் கடைக்காரரும் படிக்கவில்லை, இரவல் கொடுத்தவரும் படிக்கவில்லை, அந்த மென்பொருளால் படிக்கவே முடியாது. எழுத்துச் சன்மானத்துக்கென ஒதுக்கிய டோக்கன், முதலுக்கு வட்டியாக மாறிவிட்டது. எழுத்து அந்த வட்டியைக் கறப்பதற்கான ரசீதாக நின்றது.

2019இல் சாவ் லி, பாலாஜி பழனிசாமி ஆகிய இரு ஆய்வாளர்கள் ஸ்டீமிட்டின் பரிமாற்றங்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, நடந்த டோக்கன் பரிமாற்றங்களில் 16 விழுக்காட்டுக்கும் மேல் வாக்கு விற்கும் மென்பொருள் என்று சந்தேகிக்கத் தக்க கணக்குகளுக்குப் போனதாகக் காட்டியது. அந்தக் கணக்குகளுக்குப் பின்னால் பவர் வழங்கும் வலையமைப்பு ஒன்று இருந்ததையும் அவர்கள் கண்டார்கள்.

இதனால் விளைந்த இன்னொரு கேட்டைப் பலர் கவனிக்கவில்லை. ஸ்டீமிட்டில் ‘விளம்பரப்படுத்திய பதிவுகள்’ என்று ஒரு பகுதி இருந்தது. உங்கள் பதிவு அங்கே தெரிய வேண்டுமென்றால், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கணக்குக்கு ஸ்டீம் டாலரை அனுப்ப வேண்டும். அது அங்கேயே அழிந்துபோகும். வெளியிலிருந்து ஒருவர் பணம் கொண்டுவந்து டோக்கன் வாங்கி, தன் பொருளைப் பற்றிச் சொல்வதற்காக அதை எரித்திருந்தால், எல்லா டோக்கன்காரர்களுக்கும் அதன் பயன் போய்ச் சேர்ந்திருக்கும். உண்மையான வருமானத்துக்கு இருந்த ஒரே வாசல் அது. ஆனால் வாக்குக் கடையில் போட்ட பணம் லாபத்தோடு திரும்பி வந்து, பதிவும் மேலே ஏறும்போது, பணத்தை எரிக்க யார் வருவார்? அந்த வாசல் தானாகவே அடைபட்டது.

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். 2017இலிருந்து ஒரு பதிவுக்குச் சன்மானம் சேர்வது ஏழு நாள் வரைதான். எட்டாம் நாள் வந்து படித்து நெகிழ்ந்தவர் வாக்களித்தாலும் எழுதியவருக்கு ஒன்றும் வராது. ஒரு நல்ல சிறுகதை ஐம்பது ஆண்டு படிக்கப்படும்; ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை தன் வாசகரைக் கண்டுபிடிக்கவே பல ஆண்டு ஆகும். எழுத்தின் மதிப்பை ஏழு நாளில் தீர்க்கும் அளவுகோல் எழுத்துக்காகச் செய்தது அல்ல. நாள்தோறும் பிறக்கும் டோக்கனை நாள்தோறும் பகிர்ந்து முடிக்கச் செய்தது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, ஸ்டீமில் எழுதியவர்களின் உழைப்பு மதிப்பே இல்லாதது என்று முடிவு கட்டினால் அது அநியாயம். அவர்கள் டோக்கனுக்குச் செய்தது என்ன என்பது 2020இல் தெரிந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று, ட்ரான் என்ற கிரிப்டோ வலையமைப்பை நிறுவிய ஜஸ்டின் சன், ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். நிறுவனத்தோடு அதன் கையிலிருந்த டோக்கன்களும் சேர்ந்து வந்தன. அப்போது அவை மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த டோக்கன்கள் வலையமைப்பின் வளர்ச்சிக்கானவை, வாக்களிக்கப் பயன்படாது என்று சமூகம் நம்பியிருந்தது. சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பதும் டோக்கன் எடைப்படி விழும் வாக்குதான்; புது முதலாளி அவற்றால் வாக்களித்தால் முழு வலையமைப்பும் ஒருவர் கைக்குப் போய்விடும். சாட்சிகள் முந்திக்கொண்டார்கள். பிப்ரவரி இறுதியில் மென்பொருளை மாற்றி அந்த டோக்கன்களை முடக்கினார்கள். மார்ச் 2 அன்று பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய மூன்று பெரிய கிரிப்டோ சந்தைகளின் கணக்குகளிலிருந்து பெரும் எடையுள்ள வாக்குகள் விழுந்தன. அந்த வாக்குகளுக்குப் பயன்பட்டவை வாடிக்கையாளர்கள் நம்பிப் போட்டுவைத்திருந்த ஸ்டீம் டோக்கன்கள். சில மணி நேரத்தில் முதல் இருபது சாட்சிகளும் மாற்றப்பட்டார்கள். முடக்கம் நீங்கியது. எதிர்ப்புக் கிளம்பியதும் பைனான்ஸும் ஹுவோபியும் தங்கள் வாக்குகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஆனால் வாக்களிக்கப் பூட்டிய டோக்கன்கள் 13 வார விதியில் சிக்கிக் கிடந்தன.

பழைய சாட்சிகளும் எழுத்தாளர்களும் நிரலாளர்களும் வேறு வழியில் போனார்கள். மார்ச் 20 அன்று பிளாக்செயினை முழுதாகப் படியெடுத்து ஹைவ் என்ற பெயரில் தனியாகத் தொடங்கினார்கள். ஸ்டீமில் யாரிடம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு ஹைவ் டோக்கன் அவர் பெயரில் இருந்தது. நிறுவனத்தின் பெருங்குவியலையும், அதன் பக்கம் நின்ற சில கணக்குகளையும் மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஆராய்ச்சியாளருக்கு இதைவிட நல்ல சோதனை அமையாது. ஒரே நிரல், ஒரே பழைய பதிவுகள், ஏறத்தாழ ஒரே கணக்குகள்; மாறியது மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது மட்டும். பதிவுகளின் உள்ளடக்கமே மதிப்பின் ஊற்று என்றால் இரண்டு டோக்கனுக்கும் ஒரே விலை இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் 2020 மார்ச் வரையிலான எழுத்து இரண்டிலும் அப்படியே இருந்தது. சந்தை அப்படிப் பார்க்கவில்லை. ஒன்றுமில்லாமல் தொடங்கிய ஹைவ், 2021 நவம்பரில் மூன்று டாலருக்கு மேல் போனது. ஸ்டீம் அதற்கு வெகுதூரம் பின்னால் நின்றது. மனிதர்கள் சேர்ந்து இயங்குவதும், விதியை ஒருவர் விருப்பத்துக்கு மாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கையும், வாங்குபவர் ஒருவருக்கு வாங்குவதற்கான காரணத்தைத் தருகின்றன. எழுத்தாளர்கள் டோக்கனுக்குச் செய்த பங்களிப்பு இதுதான்: அந்த இடத்தை மனிதர்கள் வாழும் இடமாக்கினார்கள். ஆனால் காரணம் வேறு, பணம் வேறு. பணம் அப்போதும் வாங்குபவரிடமிருந்தே வந்தது. 2021 நவம்பர் கிரிப்டோ சந்தை முழுவதும் உச்சத்தில் இருந்த மாதம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அந்த நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதும் பிரிவினை நடந்த 2020இலேயே தெரிந்தது. மே 20 அன்று ஸ்டீமில் ஒரு மென்பொருள் மாற்றம் வந்தது. பிரிவினைக்கு ஆதரவாக நின்றவர்கள் என்று கருதப்பட்ட 64 கணக்குகளிலிருந்து 2 கோடியே 36 லட்சம் ஸ்டீம் டோக்கன்கள் பிடுங்கப்பட்டன. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 50 லட்சம் டாலர். பிளாக்செயினில் இருப்பதை யாராலும் பறிக்க முடியாது என்று கேட்டுப் பழகியவர்களுக்கு அது பேரிடி. பிடுங்கியவை போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து, அடையாளம் தெரியாத ஒருவர் அவற்றை பிட்ரெக்ஸ் என்ற சந்தைக்கு அனுப்பிவிட்டார் என்பது தனிக்கதை. பல ஆண்டு எழுதிச் சேர்த்ததை ஒரு நிரல் மாற்றம் கொண்டுபோகும் என்றால், சன்மானத்தின் மதிப்பைத் தாங்குவது கணிதம் அல்ல, கணினிகளை நடத்தும் மனிதர்களின் நேர்மை என்றாகிறது.

வெளியிலிருந்து பணம் வரும்படி அமைத்த திட்டமும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக் தொடங்கிய பிரேவ் உலாவி, 2017 மே 31 அன்று பேட் என்ற டோக்கனை விற்றது. 100 கோடி டோக்கன்கள் அரை நிமிடத்துக்குள் தீர்ந்து, ஏறத்தாழ 3.5 கோடி டாலர் சேர்ந்தது. 2019இல் இதன் விளம்பர ஏற்பாடு தொடங்கியது. விளம்பரம் கொடுப்பவர் பணம் கட்டுகிறார். அதில் 70 விழுக்காடு, விளம்பரத்தைப் பார்க்க ஒப்புக்கொண்ட பயனருக்கு டோக்கனாகப் போகிறது. பயனர் விரும்பினால் தனக்குப் பிடித்த எழுத்தாளருக்கோ படைப்பாளருக்கோ அதை அனுப்பலாம். டோக்கனின் விலை இங்கேயும் ஏறி இறங்குகிறது, ஊக வணிகம் இங்கேயும் உண்டு. தொகையும் சிறியது, யாரையும் பணக்காரராக்காது. ஆனால் ‘இந்தப் பணம் யாருடையது?’ என்று கேட்டால் ஒரு விடை இருக்கிறது: ஒரு பொருளை விற்க விரும்பும் நிறுவனத்தினுடையது. ஸ்டீமில் அந்த விடை இல்லை.

ரெட்டிட்டின் கிரிப்டோ குழுவில் 2020 மே முதல் வழங்கப்பட்ட ‘மூன்’ டோக்கன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நல்ல பதிவுக்கும் கருத்துக்கும் மூன் கிடைத்தது. குழுவின் முகப்புப் பட்டையில் விளம்பரம் வைக்க விரும்பிய நிறுவனங்கள் மூன் வாங்கி எரிக்க வேண்டியிருந்தது. சரியான வழிதான். ஆனால் அந்த முகப்பு ரெட்டிட் நிறுவனத்துக்குச் சொந்தம். 2023 அக்டோபர் 17 அன்று, இந்தத் திட்டத்தை நிறுத்துவதாக ரெட்டிட் அறிவித்தது. சில மணி நேரத்தில் மூனின் விலை 80 விழுக்காட்டுக்கும் மேல் விழுந்தது. மூன்றரை ஆண்டு எழுதிச் சேர்த்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மதிப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை ஒரு நீதிமன்றமே எடுத்துக்கொண்டதும் உண்டு. காணொளி பகிர்வோருக்கு டோக்கன் தந்த எல்பிஆர்ஒய் நிறுவனத்தின் மீது அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2021 மார்ச்சில் வழக்குத் தொடுத்தது. எங்கள் டோக்கன் தளத்தில் பயன்படுத்துவதற்கானது, முதலீடு அல்ல என்பது நிறுவனத்தின் வாதம். 2022 நவம்பர் 7 அன்று நியூ ஹாம்ப்ஷயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சிலர் பயன்பாட்டுக்காக வாங்கியிருக்கலாம். ஆனால் நிறுவனத்தின் உழைப்பால் விலை கூடும் என்ற எதிர்பார்ப்பை நிறுவனமே வளர்த்தது, தனக்கென 40 கோடி டோக்கனை ஒதுக்கி அதன் விலையேற்றத்தில் தானும் பங்கு வைத்திருந்தது என்று கண்டது. 2023இல் நிறுவனம் மூடப்பட்டது. சட்டத்தின் நுணுக்கத்தில் பலருக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். உண்மை நிலவரத்தை நீதிமன்றம் சரியாகவே பார்த்தது என்பது என் முடிவு.

டோக்கன் வெளியிட்டு எழுத்துக்குச் சன்மானம் தருவது மோசடி என்று நான் சொல்லவில்லை. டோக்கன் வைத்திருக்கும் எல்லோரும் ஆண்டுக்கு ஒன்பது விழுக்காடு மெலிவை ஏற்று எழுத்தாளர்களை ஆதரிக்கிறார்கள் என்றால், அது ஒரு சமூகம் தன்மீது தானே போட்டுக்கொண்ட வரி. அப்படி வெளிப்படையாகச் சொல்லிச் செய்தால் அது மரியாதைக்குரிய ஏற்பாடு. ஹைவில் இன்றும் அந்த உணர்வோடு இயங்குபவர்கள் இருக்கிறார்கள். ‘நீங்கள் எழுதியதால் பணம் உருவாகிறது’ என்று சொல்வதுதான் பொய். அந்தப் பொய்யை நம்பி வேலையை விட்டவர்கள், கிடைத்த சன்மானத்தையும் கைப்பணத்தையும் சேர்த்துப் பவராகப் பூட்டியவர்கள் பட்ட நட்டம் நிஜமானது. அவர்கள் பேராசைக்காரர்கள் அல்ல. எழுத்தால் பிழைக்க முடியும் என்று ஆசைப்பட்டவர்கள்.

ஆகவே நாளை ஒரு புதுத் தளம் உங்கள் கதைக்கோ படத்துக்கோ காணொளிக்கோ டோக்கன் தருவதாக அழைத்தால், அதன் வெள்ளை அறிக்கையில் வெளியீட்டு அட்டவணை இருக்கும் பக்கத்தை முதலில் படியுங்கள். ஆண்டுக்கு எத்தனை புது டோக்கன், அதில் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு, அந்த டோக்கனை வாங்கிச் செலவழிக்க வேண்டிய தேவை விலையேற்றத்தை நம்பாத யாருக்காவது உண்டா என்று பாருங்கள். எழுதியதன் படியை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும்: 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ டோக்கனை விற்று வரும் லாபத்துக்கு 30 விழுக்காடு வருமான வரி உண்டு, ஒரு டோக்கனில் வந்த நட்டத்தை இன்னொரு டோக்கனின் லாபத்தில்கூடக் கழித்துக்கொள்ள முடியாது.